வயல் சேற்றுக்குள் இறங்குமுன்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள நம் படுவான்கரையில் மழை விழுந்தால் பெரும்போக நெல் வேலை தொடங்கிவிடும். இந்த முறைதான் முதன்முதலாக மண்வெட்டி பிடிக்கப் போகிறீர்கள் என்றால், யானை, பாம்பு எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் காலைப் பாருங்கள்.

1. இறங்குவதற்கு முதல் நாள் இரவு, நல்ல வெளிச்சத்தில் விரல் இடுக்கையும் குதிக்கால் வெடிப்பையும் தடவிப் பாருங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போக ஒரு சின்னக் கீறல் போதும். மாடு, எருமையின் சிறுநீரிலும் அது இருக்கலாம். அறுவடைக்குப் பிறகு மாடு மேயாத வயல் நம் பக்கம் எங்கே இருக்கிறது? காயம் இருந்தால் ஆறும்வரை வரம்புக்கு மேலே உள்ள வேலையைப் பாருங்கள். முடியாதென்றால் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டி பூட்ஸ் போடுங்கள். சேறு பூட்ஸைப் பிடித்து இழுக்கும், பொய் சொல்லவில்லை. என்னுடைய ஒன்று இன்னும் வயலுக்குள்தான் கிடக்கிறது.

2. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கும் டொக்சிசைக்ளின் குளிசை கேளுங்கள். காசில்லை. வழக்கமாகக் கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கர்ப்பிணி என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்து வயல்காரரிடம் மிஞ்சிய குளிசை வேண்டாம்.

3. வாய்க்கால் தண்ணீரில் வாய் கொப்பளிக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள்.

4. அப்புறம் ஓரிரு கிழமைக்குள் காய்ச்சல் வந்து, கெண்டைக்கால் உளைந்து, கண் சிவந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "பனடோலும் கொத்தமல்லியும் குடி, நாலு நாள் பார்ப்போம்" என்று பெரியம்மா சொல்லுவா. கேட்காதீர்கள். சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் அடிபடுகிறது என்று அர்த்தம். "வயலில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

5. இரவில் வக்கடை (வரம்பில் தண்ணீர் விடும் வாய்) திறக்கப் போகும்போது டோர்ச்சும் தடியும் கட்டாயம். வைக்கோலுக்குள் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தால் மண்ணோடு மண்ணாக இருக்கும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், மணிக்கூட்டைக் கழற்றி, காலை அசைக்காமல் வைத்து 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். பாம்பை அடித்து உரப்பையில் போட்டுக்கொண்டு போக வேண்டாம். தூர நின்று போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் சரி, முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.