மோட்டார் பெட்டிக்குள் குருவி கூடு கட்டினால் என்ன செய்ய வேண்டும்?

வயல்காட்டு மோட்டார் ரூமின் ஸ்டார்ட்டர் பெட்டியோ வீட்டு வாசலின் மீட்டர் பெட்டியோ, வயர் நுழைகிற ஓட்டை இரண்டு விரல் அகலம் இருந்தால் போதும், சிட்டுக்குருவி வைக்கோலை அடைத்துவிடும். மழை படாது, பூனை எட்டாது. அதற்கு நல்ல இடம்தான். ஆனால் சுவிட்ச் போடும்போது காண்டாக்டில் பொறி பறக்கும். காய்ந்த வைக்கோல் பற்றினால் குஞ்சும் கருகும், மோட்டாரும் போகும்.

முதலில் பெட்டியைத் திறக்காதீர்கள். பத்தடி தள்ளி நின்று அரை மணி நேரம் பாருங்கள். வைக்கோலும் நாரும் வந்துகொண்டே இருந்தால் கூடு கட்டுகிறது. உள்ளே போனது வெகுநேரம் வெளியே வராவிட்டால் அடைகாக்கிறது. புழு பூச்சியோடு வந்து உடனே திரும்பினால் குஞ்சு பொரித்தாயிற்று. முட்டையிட்ட பிறகும் இறகு கொண்டுவரும் என்பதால், மெயினை அணைத்துவிட்டு ஒருமுறை எட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

வெறும் வைக்கோல்தான் என்றால் அன்றைக்கே எடுத்துவிட்டு, வயரைச் சுற்றி எம்-சீல் வைத்து அடையுங்கள். துணி வைத்தால் இழுத்துப் போட்டுவிடும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் முட்டை வந்துவிடும்.

முட்டை இருந்தால் கூட்டை நகர்த்தவே கூடாது. சில அடி தள்ளி வைத்தாலும் தாய் கைவிட்டுவிட வாய்ப்பு அதிகம். அடைகாக்க 11 முதல் 14 நாள், குஞ்சு பறக்க மேலும் ஏறக்குறைய 15 நாள். ஆக ஒரு மாதம். அதுவரை அந்தப் பெட்டிக்கு மின்சாரம் வராமல் நிறுத்தி, வயர்மேனிடம் சொல்லித் தற்காலிக ஸ்டார்ட்டர் ஒன்றைத் தனியாக மாட்டச் சொல்லுங்கள். 2020-ல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு பறவை கூடு வைத்ததற்காக, ஊரே ஒரு மாதத்துக்கு மேல் தெருவிளக்கு இல்லாமல் இருந்தது. நமக்கு ஒரு மோட்டார் பெரிதில்லை. கை பட்டால் தாய் சேர்க்காது என்பதும் சரியல்ல; கீழே விழுந்த குஞ்சை எடுத்து உள்ளேயே வைக்கலாம்.

ஓட்டையை அடைத்தால் மாற்று இடம் கொடுக்க வேண்டும். பழைய பலகையில் அடிப்பக்கம் 15 செ.மீ. சதுரம், உயரம் 22 செ.மீ. இருக்கும்படி ஒரு பெட்டி அடியுங்கள். வாசல் 32 மி.மீ. துளை, அடியிலிருந்து 13 செ.மீ. உயரத்தில். இதைவிடப் பெரிதாக்கினால் மைனா புகுந்துவிடும். அடிப்பலகையில் நான்கு சிறு துளைகள் தண்ணீர் வடிய வேண்டும். உள்ளே இழைக்கவோ பெயிண்ட் அடிக்கவோ வேண்டாம்; சொரசொரப்பாக இருந்தால்தான் குஞ்சு நகம் ஊன்றி ஏறும். வாசலுக்கு முன் உட்காரக் குச்சி வைக்காதீர்கள், அணிலுக்கும் காக்கைக்கும்தான் அது உதவும். பக்கப் பலகை ஒன்றை ஸ்க்ரூவில் மாட்டினால் பின்னால் சுத்தம் செய்ய எளிது.

மாட்டுகிற திசையில்தான் பலர் தவறுகிறார்கள். நம் பக்கம் மேற்கு பார்த்து வைத்தால் மாலை வெயிலும் ஆனி ஆடிக் காற்றும் நேரே வாசலில் அடிக்கும். கிழக்கோ வடக்கோ பார்த்து, ஐப்பசி மழை படாதபடி இறவாரத்துக்கு அடியில், 8 முதல் 10 அடி உயரத்தில், ஆடாமல் இரண்டு ஆணி அடித்து மாட்டுங்கள். கயிற்றில் தொங்கவிடாதீர்கள், காற்றில் ஆடும். பக்கத்தில் பிசான (மாசி, பங்குனி) அறுவடையின் நெற்கதிர் ஒரு கட்டைக் கட்டிவிடலாம். ஆனால் குஞ்சுக்கு வேண்டியது பூச்சி, அதனால் குஞ்சு இருக்கும் மாதம் சுற்றுவட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.

குஞ்சுகள் பறந்ததும் தள்ளிப்போடாமல் ஸ்டார்ட்டர் பெட்டியைச் சுத்தம் செய்து ஓட்டையை அடையுங்கள். அதே கூட்டில் அடுத்த ஈட்டு முட்டையை உடனே இட்டுவிடும்.