தமிழ் ‘ஆம்’-ஐ ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி?

“மேனேஜர் வேலைய விட்டுட்டாராம்.” பெங்களூர் அலுவலகத்தில் டீ குடிக்கும்போது இப்படிச் சொன்னால், கடைசியில் ஒட்டிய ‘ஆம்’ போதும். கேள்விப்பட்டதுதான், கண்ணால் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் புரியும். அதையே மெயிலில் ‘தி மேனேஜர் ஹேஸ் ரிசைன்ட்’ என்று எழுதினால் ‘ஆம்’ உதிர்ந்துபோய், வதந்திக்கு நீங்களே சாட்சியாகிவிடுகிறீர்கள். ஆங்கில வினையில் ‘ஆம்’ ஒட்ட இடமில்லை. அந்த வேலையைச் செயப்பாட்டு வினையிடம் கொடுக்கலாம்.

படி 1: கேள்விப்பட்டதை முழு வாக்கியமாக எழுதி, முன்னால் ‘இட் இஸ் செட் தட்’ சேருங்கள். ‘இட் இஸ் செட் தட் தி மேனேஜர் ஹேஸ் ரிசைன்ட்.’ இந்த ‘இட்’ எதையும் குறிக்காது. எழுவாய் இடம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காக மட்டுமே வருகிறது.

படி 2: ஆளை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். ‘தி மேனேஜர் இஸ் செட் டு ஹேவ் ரிசைன்ட்.’ ‘டு’வுக்குப் பிறகு வருவதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முடிந்துபோன செயலுக்கு ‘டு ஹேவ் ரிசைன்ட்’. இப்போதைய நிலைக்கு ‘டு லிவ் இன் ஒயிட்ஃபீல்ட்’. நடந்துகொண்டிருப்பதற்கு ‘டு பி லுக்கிங் ஃபார் எ ஜாப்’. ‘டு’வுக்குப் பிறகு ‘வில்’ வராது. எதிர்காலத்துக்குப் படி 1-இன் அமைப்பே பாதுகாப்பானது.

படி 3: எடை பார்த்து வினையைத் தேர்ந்தெடுங்கள். ‘ரூமர்ட்’ வெறும் வதந்தி. ‘செட்’ ஊர்ப்பேச்சு. ‘பிலீவ்ட்’ பலர் நம்புவது. ‘ரிப்போர்ட்டட்’ செய்தியாக வெளிவந்தது. ‘க்ளெய்ம்ட்’ என்றால், சொல்கிறார்கள், ஆனால் எனக்குச் சந்தேகம் என்ற தொனி. ‘அலெஜ்ட்’ குற்றச்சாட்டுக்கு உரியது. நல்ல செய்திக்குப் போடாதீர்கள். அந்தச் சொல்லைப் போட்டுவிட்டதாலேயே அவதூறு வழக்கிலிருந்து தப்பிவிடலாம் என்றும் நம்பாதீர்கள்.

‘இஸ் நோன் டு’ என்பதில் வரும் ‘நோன்’ (தெரிந்தது) வேறு ரகம். அது உறுதியானதற்கு மட்டும். நம்ம ஊரின் பெயரையே பாருங்கள். ஹொய்சள மன்னன் வீர பல்லாளனுக்கு ஒரு கிழவி வேகவைத்த பயறு கொடுத்ததால் ‘பெந்தகாளூரு’ (வெந்த பயறு ஊர்) என்ற பெயர் வந்ததாம். இதற்கு ‘பெங்களூர் இஸ் செட் டு ஹேவ் காட் இட்ஸ் நேம் ஃப்ரம் பாய்ல்ட் பீன்ஸ்’ என்பதே சரி. இங்கே ‘நோன்’ போட்டால் தவறு. பேகூர் நாகேஸ்வரர் கோயிலில் உள்ள, ஏறக்குறைய கி.பி. 890-ஐச் சேர்ந்த கல்வெட்டிலேயே ‘பெங்களூரு’ என்ற பெயர் இருக்கிறது. கதையில் வரும் இரண்டாம் வீர பல்லாளன் ஆட்சிக்கு வந்ததோ அதற்கு வெகுகாலம் கழித்து, 1173-இல்.

அடிக்கடி வரும் பிழைகள்: ‘இட் இஸ் டோல்ட் தட்’ தவறு. ‘டெல்’ என்றால் யாரிடம் சொன்னார்கள் என்பதும் வந்தாக வேண்டும்; ஆகவே ‘ஐ வாஸ் டோல்ட் தட்’. ‘ஹி இஸ் செட் தட் ஹி...’ என்பது படி 1, படி 2 இரண்டையும் குழப்பியதால் வருவது. ‘ஹி இஸ் சப்போஸ்ட் டு பி இன் சென்னை’ என்று எழுதினால், சென்னையில் இருக்கிறாராம் என்றும் படிக்கலாம், இருந்தாக வேண்டும் என்றும் படிக்கலாம். முதல் பொருள் வேண்டுமென்றால் ‘பிலீவ்ட்’ போடுங்கள்.

இன்னொன்று முக்கியம். இந்த அமைப்பு சொன்னவரை மறைத்துவிடும். யார் சொன்னது என்று தெரிந்தால் மறைக்காதீர்கள். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் ‘நாளைக்குக் காவிரித் தண்ணி வராதாம்’ என்பதை ஆங்கிலத்தில் போடும்போது, ‘இட் இஸ் செட்’ என்பதைவிட ‘அக்கார்டிங் டு தி டேங்கர் டிரைவர்’ மேல். எவ்வளவு நம்பலாம், இன்றைக்கே தொட்டியை நிரப்பி வைக்கலாமா என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார்.