தோலுக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

ஆங்கிலத்தில் 'தோல்' என்று எழுத வேண்டி வந்தால் முதலில் பாருங்கள்: பதனிட்டதா, பச்சையா? பதனிட்டு ஷூவுக்கோ பைக்கோ தயாராக இருப்பது 'லெதர்'. பச்சைத் தோலில் மாடு, எருமை என்றால் 'ஹைட்'. ஆடு என்றால் 'ஸ்கின்'.

அகராதி இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பில்லில் மாற்றி எழுதினால் சரக்கே வேறாகிவிடும். பச்சைத் தோல் அழுகும், பதனிட்டது அவ்வளவு சீக்கிரம் அழுகாது. மாட்டுத் தோல் பெரிது, கனமானது. ஆட்டுத் தோல் சிறிது, மெல்லியது. 'ஹைட்', 'ஸ்கின்' என்ற பிரிவு அங்கிருந்து வந்ததுதான். கன்றுக்குட்டி மட்டும் கொஞ்சம் குழப்பும்: மாட்டினம்தான், ஆனாலும் தோல் சிறியது என்பதால் 'ஸ்கின்'.

மனிதருக்கு இந்தக் கணக்கு வேண்டாம். வேலூர் சி.எம்.சி.யில் காட்டப் போவது எப்போதும் 'ஸ்கின்'தான். உரித்துப் போட்ட வாழைப்பழத் தோலுக்கு 'பீல்'.