பெர்லின் தெருவில் முதல் வாரம்: புதிதாக வருபவருக்குச் சில வழிகள்

பெர்லினுக்கு வந்த முதல் வாரத்தில் மொழியைவிட முகவரிதான் உங்களை அதிகம் அலைய வைக்கும். பழைய தெருக்கள் பலவற்றில் ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்கள் மறுபக்கமும் இருப்பதில்லை. 1, 2, 3 என்று ஒரே ஓரமாகத் தெருக்கோடி வரை சென்று, அங்கே எதிர்ப்புறம் தாவி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகின்றன. கூர்ஃபூர்ஸ்டண்டாம் சாலையில் எண்கள் 11-இல் தொடங்கி 237-இல் முடிவதும் இந்தக் குதிரைலாட முறையில்தான். ஆகவே 40-க்கு எதிரே 41 இருக்கும் என்று நம்பிச் சாலையைக் கடக்காதீர்கள். தெருமுனைப் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தால், அந்தப் பகுதியில் எந்த எண் முதல் எந்த எண் வரை உள்ளது என்பது பெயரோடு சிறியதாக எழுதப்பட்டிருக்கும்.

கட்டடத்தை அடைந்த பின்னும் தேடல் முடிவதில்லை. அழைப்புமணிகளின் அருகே கதவு எண்கள் இருப்பதில்லை, குடும்பப் பெயர்களே இருக்கும். பல வீடுகள் தெருவை நோக்கிய முன்கட்டிலும், முற்றத்தின் பக்கவாட்டிலும், அதற்கும் பின்னால் உள்ள பின்கட்டிலுமாகப் பரந்திருப்பதால், ஒருவரைப் பார்க்கப் போகுமுன் மணியில் உள்ள பெயர், எந்தக் கட்டு, எத்தனையாவது மாடி ஆகிய மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பரின் முதற்பெயரை மட்டும் தெரிந்துகொண்டு, இருபது பொத்தான்களின் முன்னால் குளிரில் நின்ற மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நடைபாதையில் சிவப்புக் கற்கள் பதித்த பட்டையைக் கண்டால் விலகி நடங்கள். அது மிதிவண்டிக்கான பாதை, அதில் வருபவர்கள் வேகமாகவே வருவார்கள். சாலையில் வண்டியே இல்லாவிட்டாலும் சிவப்பு விளக்கில் கடக்க வேண்டாம். அபராதம் 5 யூரோதான், ஆனால் அருகில் நிற்கும் குழந்தை உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறது. விளக்கில் தெரியும் தொப்பி அணிந்த மனித உருவத்தை, 1961-இல் கிழக்கு பெர்லினில் போக்குவரத்து உளவியலாளர் கார்ல் பெக்லாவ் வரைந்தார். கிழக்கு, மேற்கு ஜெர்மனிகள் ஒன்றான பின் அந்த உருவத்தை நீக்க முயன்றபோது மக்கள் எதிர்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

சுரங்க ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை. இயந்திரத்தில் வாங்கிய காகிதச் சீட்டை நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் செருகி, நேரமுத்திரை பதித்த பிறகே ஏறுங்கள். முத்திரையில்லாத சீட்டும் சீட்டில்லாமையும் ஒன்றே. சாதாரண உடையில் வரும் பரிசோதகர் 60 யூரோ வசூலிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமையே பால், காய்கறி வாங்கி வைத்துவிடுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையங்களில் உள்ள கடைகள் கைகொடுக்கும்.

காலியான பாட்டில்களை எறிந்துவிடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட் முன்பணத்தை நீங்கள் ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்கள். வழக்கமான பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். பேரங்காடியில் உள்ள இயந்திரத்தின் வட்டத் துளையில் பாட்டிலை நசுக்காமல், பட்டைக்குறி கிழியாமல் வைத்தால், அது சுழற்றிப் படித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். பச்சைப் பொத்தானை அழுத்தி வரும் சீட்டைக் காசாளரிடம் காட்டினால் அந்த முன்பணம் திரும்பக் கிடைக்கும். வெளியில் குடித்து முடித்த பாட்டிலைச் சுமக்க விருப்பமில்லையென்றால், குப்பைத்தொட்டிக்குள் போடாமல் அதன் அடியில் நிமிர்த்தி வைத்துவிட்டுச் செல்லுங்கள். அவற்றைச் சேகரித்து வாழும் முதியவர்கள், கண்ணாடித் துண்டுகளுக்கிடையே கைவிட்டுத் துழாவ வேண்டியிராது.