சார்ஜ் என்றாலே கட்டணம் என்று எழுதாதீர்கள்

போன வாரம், புதிதாக மொழிபெயர்க்க வந்த ஒருவரின் பக்கங்களைத் திருத்த உட்கார்ந்தேன். நான் தொடக்கத்தில் செய்த அதே தவறு, அதே ‘சார்ஜ்’ என்ற சொல்லில், மூன்றாம் பக்கத்தில் அப்படியே இருந்தது. போனில் ஏற்றும் சார்ஜும் சேவைக்கு வாங்கும் சார்ஜும் யாரையும் குழப்புவதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

சொத்தின் மேல் சார்ஜ்

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு வீட்டுப் பத்திரத்தில், வீட்டின் மேல் சார்ஜ் இருப்பதாக ஒரு வரி. ‘இந்த வீட்டுக்குக் கட்டணம் உண்டு’ என்று எழுதிக் கொடுத்தேன். வாங்க வந்தவர் ஏதோ பராமரிப்புத் தொகை என்று நினைத்து முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிட்டார். உண்மையில் அந்த வீடு, விற்பவர் பட்ட கடனுக்கு ஈடாக நின்றது. கடன் அடையாவிட்டால், கடன் கொடுத்தவர் வீட்டை விற்றுப் பணத்தை மீட்க வழக்குப் போடலாம். நல்லவேளை, மூலத்தை இன்னொருவர் படித்துத் தடுத்தார். என் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. படிக்கும்போது இடறவில்லை என்பதால்தான் யாரும் நிறுத்திக் கேட்கவில்லை.

சரி, ‘அடமானம்’ என்று போடலாமா? வேண்டாம். அதற்கு மார்ட்கேஜ் என்று தனிச் சொல் இருக்கிறது; சட்டத்தில் இரண்டும் வேறு. ‘கடனுக்கு ஈடாக உள்ளது’ என்று விரித்தே எழுதுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமா என்ன?

எனக்கு வழிகாட்டியது சொல்லின் பிறப்பு. வண்டியைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் தொடங்கி, பாரம் ஏற்றுதல் என்ற பொருளில் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது இது. தமிழிலும் குற்றத்தைச் சுமத்துகிறோம், பொறுப்பைச் சுமத்துகிறோம். அதனால் சார்ஜைப் பார்த்தவுடன் யார் மேல், எதன் மேல் என்ன சுமை ஏறுகிறது என்று கேட்டுப் பார்க்கிறேன். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

வித்தவுட் சார்ஜ்

கைதுச் செய்தியில் இது ‘குற்றச்சாட்டு பதியாமல்’. ‘இலவசமாக’ அல்ல.

இன் சார்ஜ்

‘இன் சார்ஜ் ஆஃப்’ என்றால் அவர் பொறுப்பாளர். நடுவில் ‘த’ நுழைந்து ‘இன் த சார்ஜ் ஆஃப்’ ஆனால், அவரே இன்னொருவர் பொறுப்பில் இருக்கிறார். குழந்தை செவிலியரின் கவனிப்பில் இருக்கிறது என்று சொல்ல வந்த இடத்தில் அந்த ஓரெழுத்தைக் கவனிக்காமல் போனால், செவிலியரைக் குழந்தை பார்த்துக்கொள்வதாக ஆகிவிடும். நோயாளி, முதியவர், சிறுவர் பற்றிய ஆவணம் என்றால் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள்.

போர்க்களத்தில்

பாய்ந்து தாக்குதல்.

இயற்பியலில்

மின்னூட்டம். அலகு கூலும்.