நெடும்பயண பைக்குக்கு ஜிபிஎஸ் தாங்கி: வீட்டிலேயே செய்யலாம்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பைக் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடிவிடுகிறது. டேங்க் பையில் செருகிய போனைக் குனிந்து பார்த்து, எந்தப் பக்கம் திரும்பச் சொல்கிறது என்று புரிந்துகொண்டு நிமிர்வதற்குள் அதைவிடக் கூடுதலான தூரமே போயிருப்போம். அதனால்தான் ஜிபிஎஸ் தாங்கி செய்யப் போகிறேன் என்று யார் வந்தாலும், டிரில்லை அப்புறம் எடுக்கலாம், முதலில் ஒரு அட்டைப் பெட்டியை எடுங்கள் என்கிறேன். கருவி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

நாம் செய்யப்போவது இதுதான். ஹேண்டில்பாரின் நடுப்பகுதியில் இரண்டு கிளாம்ப். அவற்றின் மேல் வளைத்த ஒரு அலுமினியத் தகடு. அந்தத் தகட்டின் முகத்தில், ரப்பரில் மிதக்கும் இன்னொரு சின்னத் தகடு. கருவியைப் பிடித்துவைக்கும் தொட்டில் சின்னத் தகட்டில் உட்காரும். குழாய் வடிவ ஹேண்டில்பார் உள்ள பைக்குகளுக்கு இந்த முறை ஒத்துவரும். இரு கைப்பிடிகளும் தனித்தனியாக முன்ஃபோர்க்கில் மாட்டப்பட்டிருக்கும் கிளிப்-ஆன் ஹேண்டில் உள்ளவற்றுக்கு வராது.

வேண்டிய பொருட்கள்

- 3 மி.மீ. அலுமினியத் தகடு: 100 × 200 மி.மீ. ஒன்று, 80 × 80 மி.மீ. ஒன்று
- மேல்பக்கம் 6 மி.மீ. போல்ட் ஏறும் ஹேண்டில்பார் கிளாம்ப் 2
- நடுவில் உலோக உள்குழாய் உள்ள ரப்பர் குரோமெட் (துளையின் விளிம்பில் பொருந்தும் வளையம்) 4; இடைவெளி விடுவதற்கான 5 மி.மீ. உயர ஸ்பேசர் 4
- துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள், அகன்ற வாஷர்கள், நைலாக் நட்டுகள் (உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராதவை)
- ஹேக்ஸா, அரம், சென்டர் பஞ்ச், டிரில், வைஸ், வெர்னியர், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி

கிளாம்ப் வாங்கும் முன் ஹேண்டில்பாரை வெர்னியரில் அளந்துவிடுங்கள். 22 மி.மீ. தான் பரவலானது. தடித்த ஹேண்டில்பார்களில் நடுப்பகுதி 28.6 மி.மீ. இருக்கும். பெரிய கிளாம்பை வாங்கி ரப்பர் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், ஒருநாள் அது நழுவும். தகட்டில் 5052 ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், வளைக்க இணங்கும். 6061-டி6 பலமானதுதான், ஆனால் மடிக்கும்போது வெடிக்கப் பார்க்கும்.

ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ரைசர் போல்ட்டைக் கழற்றி, அதன் தலைக்கு அடியில் தகட்டைச் செருகுபவர்களும் உண்டு. முதல் முயற்சியில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தகட்டின் தடிமன் அளவுக்கு போல்ட்டின் மரை பிடிக்கும் ஆழம் குறைந்துபோகும். ஹேண்டில்பாரையே தாங்கும் போல்ட் அது.

1. அட்டையில் ஒத்திகை

தடித்த அட்டையை 100 × 200 அளவில் வெட்டி, அடியிலிருந்து 50 மி.மீ. தள்ளி மடியுங்கள். அடிப்பகுதியை டேப் போட்டு ஹேண்டில்பாரில் ஒட்டி, மேல்பகுதியில் கருவியை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டி, பைக்கில் ஓட்டும் நிலையிலேயே உட்காருங்கள். கழுத்தை அசைக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் திரை தெரிய வேண்டும். அதற்காக வேகமானியையும் எச்சரிக்கை விளக்குகளையும் மறைத்துவிடக் கூடாது. சாவியும் தடையில்லாமல் திரும்ப வேண்டும்.

பிறகு ஹேண்டிலை இடக்கோடி முதல் வலக்கோடி வரை திருப்பிப் பாருங்கள். விண்ட்ஸ்கிரீனிலோ டேங்கிலோ அட்டை எங்காவது முட்டும். முட்டினால் நல்லது, இப்போதே தெரிந்துவிட்டது. கத்தரிக்கோல் போதும். புட்ரெஸ்டில் எழுந்து நின்றும் ஒருமுறை பாருங்கள். கோணம் மனதுக்குச் சரியென்று பட்டதும் அட்டையின் மடிப்பைக் கலைக்காமல் எடுத்து வையுங்கள். வைஸில் வளைக்கும்போது அளவுகோல் அதுதான்.

2. வெட்டு, துளை, அரம்

அட்டையைத் தகட்டின் மேல் வைத்து மார்க்கரால் வரையுங்கள். ஆணியால் கீற வேண்டாம், ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன். வெட்டியதும் மூலைகள் நான்கையும் 10 மி.மீ. ஆரத்துக்கு அரத்தால் உருட்டி, விளிம்புகளின் பிசிறை முழுக்க எடுங்கள். விழ நேர்ந்தால் நம் நெஞ்சுக்கு முன்னால் இருக்கப்போவது இந்தத் தகடுதான்.

துளைகளை வளைக்கும் முன்பே போட்டுவிடலாம். பஞ்சால் குழி தட்டி, முதலில் 3 மி.மீ., பிறகு வேண்டிய அளவு. தகட்டை மரக்கட்டையோடு சேர்த்து இறுக்கிய பிறகே டிரில்லைத் தொடுங்கள். மெல்லிய தகட்டில் டிரில் பிட் வெளியேறும் கணத்தில் கவ்விக்கொண்டு தகட்டையே சுழற்றிவிடும், கையில் பிடித்திருந்தால் விரல் போகும். சில துளி மண்ணெண்ணெய் விட்டால் அலுமினியம் பிட்டில் ஒட்டாது.

சின்னத் தகட்டின் நடுவில் தொட்டிலுக்கான நான்கு துளைகள். ஜிபிஎஸ் கருவிகளுக்கும் போன் பிடிப்பான்களுக்கும் ஆம்ப்ஸ் எனப்படும் 30 × 38 மி.மீ. செவ்வக அமைப்பு மிகப் பரவலானது. அதையே போட்டு வைத்தால் நாளைக்குக் கருவி மாறினாலும் தாங்கியை மாற்ற வேண்டி வராது. நான்கு மூலைகளிலும் குரோமெட்டின் பள்ளத்துக்குச் சரியான அளவில் வட்டத் துளை. இதற்குப் படிப்படியாக அகலும் டிரில் பிட் இருந்தால் துளை கோணலாகாமல் வரும்.

3. வளைப்பு

என் முதல் தாங்கி மடிப்பில்தான் உடைந்தது. கரடுமுரடான சாலையில் இரண்டாம் நாள், தகடு லேசாக ஆடுவதுபோல் இருந்தது. நிறுத்தி நகத்தால் தடவினேன், முடி அளவுக்கு ஒரு விரிசல். உற்றுப் பார்த்தால் அது நான் ஆணியால் கீறிய கோட்டின் மேலேயே, இம்மி பிசகாமல் ஓடியிருந்தது. வளைவின் வெளிப்புறத்தில் உலோகம் இழுபடுகிறது. அங்கே ஒரு கீறல் இருந்தால் அதிர்வு அதைத்தான் பிடித்துக் கிழிக்கும். போதாக்குறைக்கு வைஸின் கூர்விளிம்பிலேயே சுத்தியலால் தட்டி மடித்திருந்தேன்.

நீங்கள் 20 மி.மீ. விட்டமுள்ள ஒரு இரும்புத் தடியைத் தகட்டோடு சேர்த்து வைஸில் பிடித்து, அதன் மேல் மெதுவாக வளையுங்கள். நேரடியாகச் சுத்தியல் படாமல் மரக்கட்டையால் அழுத்துங்கள். தகட்டின் மேல் மெல்லிய ரேகைகள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். மடிப்பு அந்த ரேகைகளுக்குக் குறுக்கே வர வேண்டும். கையை எடுத்ததும் தகடு கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே வளைத்து, அட்டையோடு ஒப்பிடுங்கள். கூடிப்போனாலும் முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டிருக்கக் கூடாது, பலம் போய்விடும்.

4. ரப்பர்

இந்தப் படியை மிச்சம் பிடிக்காதீர்கள். 2021-ல் ஆப்பிள் நிறுவனமே ஒரு குறிப்பு வெளியிட்டது. அதிக சக்தியுள்ள பைக் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகத் தொடர்ந்து ஏறினால், போன் கேமராவில் படத்தை ஆடாமல் நிறுத்தும் நுண்பகுதி பழுதாகலாம் என்றது. நல்ல போனை மாட்டுவதைவிட ஒரு பழைய போனையோ தனி ஜிபிஎஸ் கருவியையோ மாட்டுவதே என் பழக்கம்.

குரோமெட்டை மூலைத் துளையில் நுழைத்து, அதற்குள் உலோக உள்குழாயைச் செருகுங்கள். போல்ட்டை இறுக்கும்போது பாரம் உள்குழாயின் மேல் விழ வேண்டும். உள்குழாய் இல்லாவிட்டால் ரப்பர் நசுங்கிக் கல்லாகிவிடும், அப்புறம் அது இருந்தும் பயனில்லை. உங்கள் பைக்கின் பக்கவாட்டு மூடி ஒன்றைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் இதே ரப்பரும் இதே குழாயும் இருக்கும். இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஸ்பேசர் போட மறக்க வேண்டாம். இல்லையென்றால் தொட்டிலின் நட்டுகள் பின்தகட்டில் முட்டி, அதிர்வு குறுக்கு வழியில் ஏறிவிடும்.

மாட்டும்போது அலுமினியமும் எஃகு போல்ட்டும் தொடும் இடங்களில் துளி கிரீஸ் தடவுங்கள். ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். கிளாம்பில் ஏறும் போல்ட்டுகளின் மரைக்கு மட்டும் கிரீஸ் வேண்டாம். அங்கே போல்ட் தானாகத் தளராமல் பிடிக்கும், நடுத்தர வலிமையுள்ள மரைப்பசை.

5. மின்சாரம்

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து நேராக இழுத்தால் கருவி அணைந்த பிறகும் சார்ஜர் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். மல்டிமீட்டரை வைத்து, சாவியைத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் வயரைத் தேடுங்கள். அதில் ஒரு ரிலேவை (மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்ச்) இயக்கி, சார்ஜருக்கான மின்சாரத்தை ரிலே வழியாக பேட்டரியிலிருந்து எடுங்கள். 5 வோல்ட், 2 ஆம்பியர் சார்ஜருக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அதை பேட்டரிக்கு ஒட்டியே போடுங்கள். வயர் எங்கே உரசினாலும் அதுதான் காப்பாற்றும்.

ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதியில் வயரைத் தளர்வாக விடுங்கள். சார்ஜர் வயர் கருவிக்குக் கீழே ஒருமுறை தொங்கி மேலேறினால், மழைநீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், துளைக்குள் போகாது.

6. முதல் ஓட்டம்

கியர் போடாமல் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்புங்கள். சத்தம் ஏறினால் தாங்கியோ வயரோ ஆக்ஸிலரேட்டர் கேபிளை இழுக்கிறது. அதைச் சரிசெய்யாமல் கிளம்பக் கூடாது. பிரேக் குழாயும் கிளட்ச் கேபிளும் எங்கும் உரசக் கூடாது.

எல்லாம் சரியென்றால் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகட்டுக்கு ஒரே கோடாகப் பெயிண்ட் பேனாவால் இழுத்துவிடுங்கள். போல்ட் தளர்ந்தால் கோடு முறிந்து தெரியும், ஸ்பேனரே வேண்டாம். 50 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். நீண்ட பயணத்தில் தினமும் காலையில் செயினுக்கு எண்ணெய் விடும்போதே அந்தக் கோடுகளையும் பார்த்து, மடிப்பின் வெளிப்புறத்தை நகத்தால் ஒருமுறை தடவிவிட்டுக் கிளம்புங்கள்.