சைக்கிள் சீட் போஸ்ட் இறுகிப்போனால் கழற்றுவது எப்படி?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் காலத்தில் செயினுக்கு எண்ணெய் விட யாரும் மறப்பதில்லை. சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டைத்தான் கவனிப்பதில்லை. போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப் இறுகுவதற்காக ஃபிரேமில் விட்டிருக்கும் பிளவு வழியே தண்ணீர் இறங்கி உள்ளேயே தங்கும். பையன் வளர்ந்துவிட்டானே, சீட்டை உயர்த்தலாம் என்று போகும்போதுதான் அது அசையாது என்பது தெரியும்.

சுத்தியலை எடுக்காதீர்கள். முதலில் வேண்டியது ஒரு காந்தம். ஃபிரேமிலும் போஸ்ட்டிலும் ஒட்டினால் இரண்டும் இரும்பு, வெறும் துருதான். ஃபிரேமில் ஒட்டி போஸ்ட்டில் ஒட்டாவிட்டால் போஸ்ட் பெரும்பாலும் அலுமினியம். ஈரத்தில் இரும்போடு சேர்ந்திருக்கும் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடிக்குக் கூடுதல் இடம் வேண்டும் என்பதால் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். சிரமமான கேஸ் இதுதான். ஃபிரேமோ போஸ்ட்டோ கார்பன் என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம், நல்ல கடைக்குக் கொண்டுபோங்கள்.

சரி, வேலையைத் தொடங்கலாம். போஸ்ட் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள், மயிரிழை அசைந்தாலும் தெரியும். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுசாகக் கழற்றுங்கள். அப்புறம் துரு இளக்கும் ஸ்பிரேயை விளிம்பைச் சுற்றியும் பிளவிலும் அடியுங்கள். சீட்டுக்குக் கீழே உள்ள ஃபிரேம் குழாயில் தண்ணீர் பாட்டில் மாட்டும் திருகு இருந்தால் அதைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அந்தத் துளை வழியாகவும் விடுங்கள். எண்ணெய் அடிப்பக்கமிருந்தும் ஊறும். ஒரு ராத்திரி விடுங்கள், மறுநாள் மறுபடி அடியுங்கள். பலரும் அவசரப்பட்டுக் கெடுப்பது இந்தக் கட்டத்தில்தான்.

பிறகு, மேலே இழுக்காதீர்கள், திருகுங்கள். ஒருவர் ஃபிரேமைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சீட்டை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். மசியவில்லையா? சீட்டைக் கழற்றிவிட்டு போஸ்ட்டின் தலையைப் பட்டறை வைஸில் இறுக்கி, ஃபிரேமையே நெம்புகோலாக்கித் திருப்புங்கள். போஸ்ட் நசுங்கலாம், போகட்டும். ஃபிரேமை விட அது மலிவு. பக்கவாட்டில் மட்டும் வளைக்கக் கூடாது.

சூடு காட்டலாமா என்று கேட்பீர்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் இரும்பு ஃபிரேமில் அலுமினிய போஸ்ட் இருந்தால் சூடு அதை இன்னும் இறுக்கும். போஸ்ட்டில் ஐஸ் கட்டி வைப்பதே சரி. இரண்டும் இரும்பு என்றால் ஃபிரேமின் மேல் மட்டும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். ஸ்பிரே அடித்த இடத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைக்கும்தான், ஆனால் கண்ணையும் தோலையும் பொசுக்கும், எரியும் வாயுவும் கிளம்பும். வீட்டில் செய்யும் வேலையில்லை.

எதற்கும் வரவில்லை என்றால் லேத் பட்டறையில் கொடுத்து போஸ்ட்டை அறுத்தெடுக்கச் சொல்லுங்கள்.

புதிது வாங்கும் முன் பழையதில் பொறித்திருக்கும் விட்டத்தைப் பாருங்கள். 27.2 மி.மீ. என்றால் 27.2 தான், 27 போட்டால் ஆடும். ஃபிரேம் குழாயின் உட்புறத்தைத் துணியால் துடைத்து, காயவிட்டு, கிரீஸ் தடவிச் செருகுங்கள். குறைந்தது எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று போஸ்ட்டில் போட்டிருக்கும் கோடு ஃபிரேமுக்குள் மறைந்திருக்க வேண்டும். பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி கிளாம்ப் மேல் மாட்டிவிட்டால் சாரல் தண்ணீர் உள்ளே இறங்குவது குறையும்.